பூரணம் தண்ணிப்பந்தல்

கால நீட்டி உக்காருங்க. இப்ப எறங்கி நடந்தா இந்தத் தேரிக்காட்டுச் செம்மணலு பாதத்தப் பொசுக்கிரும். வெயிலு சாயட்டும். அதுக்குள்ள இந்தப் பந்தலு வந்த கதையச் சொல்லிருதேன். எங்க பூட்டன் சொல்லி எங்க தாத்தன் கேட்டது, தாத்தன் சொல்லி நான் கேட்டது.

ரோடு போடாத காலம். பஸ்ஸும் ரயிலும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். தேரிக்கு மேக்க உடைவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல தொம்மைன்னு ஒரு பனையேறி இருந்தாராம். அவருக்கு ஒரே மக. கோயில்ல வச்ச பேரு பரிபூரணம். ஊருக்குள்ள பூரணம்னுதான் கூப்பிடுவாவளாம்.

அந்த வருசம் ஊருக்குள்ள பேதி வந்துச்சாம். ஒரு வீட்டுல ஒருத்தர் படுத்தா பக்கத்து வீட்டுக்காரங்க பனங்காட்டுக்குள்ள ஓடிருவாவளாம். பூரணத்தோட அம்மா அதுல போயிட்டா. தொம்மையும் எந்திரிக்க முடியாமக் கெடக்காரு. எடுத்துப் போட ஆளு வேணுமே. பூரணம் தெருவுல நின்னு ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டுப் பாத்தாளாம். ஒரு கதவும் தொறக்கல.

அப்பந்தான் தேரியத் தாண்டி ரெண்டு மடத்தம்மா வந்தாவளாம். கடக்கரையில கன்னியர் மடம் ஒண்ணு இருந்துச்சு, அங்கருந்து மருந்து கொண்டுட்டு வந்தாவ. வெள்ளச் சீல, தலையில முக்காடு. மூத்த அம்மா நேரா உள்ள வந்தாவ. இன்னாரு இன்னாருன்னு ஒண்ணும் கேக்கல. தண்ணியச் சுட வச்சாவ. செத்துக் கெடந்தவ தலைய எடுத்து மடியில வச்சி, மொகத்தத் தொடச்சி, கால் வெரல ஒவ்வொண்ணா விரிச்சிக் கழுவுனாவளாம். தூங்குத பிள்ள முழிச்சிரக் கூடாதேன்னு கழுவுத மாதிரி, அவ்வளவு பைய.

பூரணம் சுவத்துல சாஞ்சி நின்னு அதப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அன்னைக்குப் புடிச்சது அந்த ஏக்கம்.

பேதி அடங்கி மடத்தம்மாமாரு கெளம்புதாவ. பூரணம் தேரி தொடங்குத எடம் வரைக்கும் பின்னாலயே போனாளாம். "நானும் ஒங்க கூட வரட்டுமாம்மா"ன்னு கேட்டா.

மூத்த அம்மா அவ கன்னத்தத் தொட்டு, "ஒன் அழுகை மொதல்ல ஓயட்டும் மக்ளே. ஓஞ்ச பெறவும் இந்த ஆச அப்பிடியே இருந்தா வா. வரும்போது எழுத்து வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும். ஒங்க அப்பா மனசோட அனுப்பணும்"னாவளாம்.

அன்னைக்கே அவ தயாராக ஆரம்பிச்சிட்டா. மொத வேல எழுத்து. ஊருல எழுத்து தெரிஞ்சது கோயில் உபதேசியார் ஒருத்தருக்குத்தான். அவரு பூசைக்குப் பெறவு கோயில் முத்தத்து மணல்ல எழுதிக் காட்டுவாராம். அவ அதுமேல வெரல ஓட்டுவா. காத்து வந்து அழிச்சிரும். திரும்ப எழுதுவா. காத்து வந்து அழிச்சிரும். திரும்ப எழுதுவா. ஆடிக் காத்துல படிச்ச எழுத்து, அதனாலதான் அவளுக்கு மறக்கவே இல்லன்னு சொல்லுவாவ.

மடத்துல பேசாம இருக்கணும்னு யாரோ சொல்லிட்டாவ. கெணத்தடிக்குப் போயி வாயத் தொறக்க மாட்டாளாம். தண்ணி எறைக்க வந்த பொம்பளைங்க என்ன ஏதுன்னு கேக்காவ, இவ சிரிச்சிக்கிட்டே நிக்கா. நம்ம மேல என்னமோ கோவம்னு நெனச்சி, நீதான் எதையோ சொல்லிட்ட, நீதான் சொல்லிட்டன்னு அவங்களுக்குள்ள பெரிய சண்டையே வந்துட்டாம். அதோட அந்தப் பழக்கத்த விட்டுட்டா.

ஊரு ஓரத்துல நடமாட்டம் இல்லாத ஒரு கெழவி கெடந்தா. பேச்சுத் தொணைக்குக் கூட நாதி இல்லாதவ. பூரணம் தெனமும் போயி அவளக் குளிப்பாட்டி, காலக் கழுவி விட்டுட்டு வருவாளாம். மொதல்ல அந்தக் கெழவி ஏசுனாளாம். பெறவு இவ வாரதுக்கு நேரமானா வாசலப் பாத்துக் கெடப்பாளாம்.

காதுல அம்மாவோட பாம்படம் தொங்கும். மடத்துக்குப் போறவ நகை போடக் கூடாது. ஒரு நாளு அதக் கழத்தி வச்சிட்டா. தொம்மை வேலைக்குப் போயிட்டு வந்து மகளோட வெறுங் காதப் பாத்தாரு. கஞ்சியத் தொடாமப் படுத்துட்டாரு. மறுநா அவ திரும்பப் போட்டுக்கிட்டா.

இப்பிடியே அழுகையும் ஓஞ்சுது. வருசமும் ஓடுச்சு. ஆச மட்டும் எறங்கல. காத்து கடக்கரையிலருந்து அடிச்சா மடத்து மணி கேக்குமாம். அது கேட்டா அவ செய்த வேலைய அப்பிடியே போட்டுட்டு நிப்பாளாம். தொம்மையும் அதப் பாத்தாரு. எத்தன நாளைக்குத்தான் பாக்காத மாதிரி இருக்க முடியும்? ஒரு நாளு அவரே வாயெடுத்தாரு.

அவருக்கு ஒரு தங்கச்சி மகன். பேரு ராயப்பன். பூரணத்துக்கு மொறை மாப்பிள்ள. சின்னதுலருந்தே இவளுக்கு அவன்னு பேசி வச்சது. நான் குடுத்த வாக்க நான் மாத்த மாட்டேன், ராயப்பன் அவன் வாயால போகச் சொன்னா போன்னு தொம்மை சொல்லிட்டாராம். அவன் சொல்ல மாட்டான்னு அவருக்கு ஒரு நம்பிக்கை.

அந்த ராயப்பன்தான் எங்க பூட்டன்.

பூரணம் அவரத் தேடிப் போனாளாம். அவரு பனை மேல இருந்தாரு. பதனிக்குப் பாளை சீவிக்கிட்டு இருந்தாரு. அவ கீழ நின்னு அண்ணாந்து, "அத்தான், நான் மடத்துக்குப் போவணும்னு இருக்கேன்"னா.

மேல இருந்து, "காத்துல ஒண்ணும் கேக்கல"ன்னு பதிலு வந்துச்சு.

"அத்தான், ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் மடத்துக்குப் போவணும்."

"கேக்கலையே."

மூணாவது தடவ "அத்தான்"னு கூப்பிட்டா. அதுக்கு மேல வரல.

அவரு பைய எறங்கி வந்தாராம். மரத்துக்கு இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் அவரு. "மொதத் தடவையே கேட்டுட்டு பூரணம். இனிமே நீ அத்தான்னு கூப்பிட மாட்டல்லா. அதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்"னாராம். அப்புறம் பனையோலைய மடிச்ச பட்டையில பதனி ஊத்தி அவ கையில குடுத்து, "மாமாகிட்ட நானே சொல்லுதேன். நீ போ"ன்னாரு.

கெளம்புத நாளு வந்துச்சு. பாம்படத்தக் கழத்தி அப்பா கையில குடுத்தா. அவரு அதப் பொத்திக்கிட்டு நின்னாரு. கூட வர முடியலன்னுட்டாரு. அவ நெத்தியில சிலுவ போட்டு விட்டுட்டு வீட்டுக்குள்ள போனவருதான், வெளிய வரல. ராயப்பன்தான் அவ பெட்டியத் தலையில வச்சி முன்னால நடந்தாரு.

அன்னைக்கின்னு பாத்து ஒரு வெயிலு. உச்சி வெயில்ல தேரி நடுவுல மாட்டிக்கிட்டாவ. ஓலையக் கீழ போட்டு அதுமேல நின்னு கால ஆத்திட்டு, திரும்ப நடந்து, திரும்ப ஓலையப் போட்டு, அப்பிடிப் போறாவ. கொண்டு போன தண்ணி தீந்துட்டு. கடைசி வாய அவ குடிச்சா. நாலு பக்கமும் பாத்துட்டு, "இங்கன ஒரு வாய்த் தண்ணி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்"னாளாம்.

மடத்து வாசல்ல பெட்டிய எறக்கி வச்சாரு. மணியடிச்சா, கதவு தொறந்துச்சு. பூரணம் உள்ள போனா. கதவு மூடிட்டு. அந்தக் காலத்துல உள்ள போனவங்க திரும்ப வீட்டு வாசல மிதிக்க மாட்டாவ. அப்பன் செத்தாலும் வர மாட்டாவ. அது அன்னையத் தேதிச் சட்டம்.

ராயப்பன் ஊருக்கு வந்தாரு. மறுநா விடியுததுக்கு முன்னால ஒரு பானையத் தூக்கிக்கிட்டுத் தேரிக்கு நடந்தாராம். அவ நின்ன எடத்துல நாலு கம்ப நட்டு ஓலை வேஞ்சி, பானைய வச்சி, பக்கத்துல பட்டையும் மடிச்சி வச்சாரு. அதுதான் இந்தப் பந்தலு. அந்த மனுசன் கலியாணம் பண்ணாம இருந்தாருன்னு நெனச்சிராதிய. பண்ணுனாரு. பிள்ளைங்க பெத்தாரு. அவரு காய்ச்சல்ல கெடந்தா எங்க பூட்டிதான் தண்ணி சொமப்பாளாம். ஒரு தடவ கூடக் கொறை சொன்னதில்ல.

இந்த வழியா மடத்தம்மா யாரு வந்தாலும் அவரு தண்ணி குடுத்துட்டு ஒரு கேள்வி கேப்பாராம். "பரிபூரணம்னு ஒரு அம்மா, சொகமா இருக்காவளா?"

அவங்க யோசிச்சுப் பாப்பாவ. அப்பிடி யாரும் எங்க மடத்துல இல்லையேன்னுருவாவ. அடுத்தவங்களும் அதே பதிலு. வருசக்கணக்கா அதே கேள்வி, அதே பதிலு. செத்துப் போயிட்டாளோன்னு கூட அவருக்குத் தோணுமாம். அத அவரு யாருகிட்டயும் சொல்லல.

அவரு தல நரைச்ச பெறவு, ஒரு அம்மா தண்ணியக் குடிச்சிட்டு, "அண்ணாச்சி, சாமிக்குன்னு வார்த்தைப்பாடு குடுத்து மடத்துல சேரும்போது எங்களுக்கு வேற பேரு வச்சிருவாவ. வீட்டுப் பேரு அங்க யாருக்கும் தெரியாது. நீங்க கேக்குத பேருல ஒங்களுக்குப் பதிலே கெடைக்காது"ன்னு சொல்லிட்டா.

பூட்டன் பட்டையக் கையில வச்சிக்கிட்டு அப்பிடியே இருந்தாராம். இத்தன வருசமா ஒருத்தருக்கும் தெரியாத பேரக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அப்புறம் தலையத் தூக்கி அந்த அம்மாவப் பாத்தாரு. "ஒங்களுக்கு வீட்டுல என்ன பேரும்மா"ன்னு கேட்டாரு.

அந்த அம்மா சொல்ல வாயெடுத்தா. சீலத் தலைப்ப வாயில வச்சிக்கிட்டு அழுதா. "ராசகனி"ன்னா.

"இன்னும் கொஞ்சம் குடி தாயி ராசகனி"ன்னு ஊத்துனாராம்.

அதுலருந்து அவரு பூரணத்தப் பத்திக் கேக்குதத விட்டுட்டாரு. எந்த மடத்தம்மா வந்தாலும் அவங்க வீட்டுப் பேரத்தான் கேப்பாரு. அந்தப் பேரச் சொல்லித்தான் தண்ணி ஊத்துவாரு. இது மடத்துக்கு மடம் பரவிட்டு. தேரி நடுவுல ஒரு அண்ணாச்சி அம்மா வச்ச பேரச் சொல்லிக் கூப்பிடுதாரு, அதக் கேக்கதுக்காவது ஒருக்கா அந்த வழியாப் போவணும்னு பேசிக்கிடுவாவளாம்.

அவருக்குக் கண்ணு மங்குன காலத்துல ஒரு அம்மா வந்தா. சின்ன வயசு. கொரலுலயே தெரியுது.

"வீட்டுல என்ன பேரு தாயி?"

"பரிபூரணம்."

பூட்டன் கையில இருந்த தண்ணி மணல்ல கொட்டிட்டு.

அந்தப் பிள்ள கீழ உக்காந்து அவரு கையப் பிடிச்சிக்கிட்டாளாம். "அது என் பேரு இல்ல தாத்தா. என் பேரு சலேத்து. வடக்க ஒரு பெருவியாதி ஆஸ்பத்திரியில வயசான மடத்தம்மா ஒருத்தவங்க இருக்காவ. எந்திரிச்சி நடமாட முடியாது. நான் இந்தப் பக்கம் வாரேன்னு தெரிஞ்சதும் கூப்பிட்டுவிட்டாவ. அங்கன வீட்டுப் பேரக் கேப்பாவ, மொதல்ல என் பேரச் சொல்லிக் குடி, அப்புறம் ஒன் பேரச் சொல்லிக் குடின்னு சொல்லிவிட்டாவ"ன்னா.

பூட்டன், "அவ ஆசப்பட்டது அவளுக்குக் கெடச்சுதா"ன்னு கேட்டாரு.

"ஒடம்புக்கு முடிஞ்ச வரைக்கும் வெடிய வெடிய நோயாளிங்க காலக் கழுவிக்கிட்டு இருந்தவங்கதான் தாத்தா. பாடிக்கிட்டே கழுவுவாவளாம். ஆனா காத்து அடிச்சா மட்டும், இது எந்தப் பக்கத்துக் காத்துன்னு கேப்பாவ. தெக்கத்திக் காத்துன்னு சொன்னா, சன்னலத் தொறந்து விடச் சொல்லுவாவ."

மடத்துல அவங்களுக்கு என்ன பேருன்னு அந்தப் பிள்ள சொல்ல வந்துச்சாம். பூட்டன் வேண்டாம்னு கையக் காட்டிட்டாரு. ஒரு பட்டைய நெறைச்சாரு. "குடி பூரணம்"னாரு. அந்தப் பிள்ள சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சா. திரும்ப நெறைச்சாரு. "குடி சலேத்து"ன்னாரு.

அன்னையிலருந்து இங்கன ரெண்டு பட்டை. மடத்தம்மாமாருக்கு மட்டும் இல்ல, கோயிலுக்கு நடக்கவங்க, யாவாரத்துக்குப் போறவங்க, எந்தச் சாமியக் கும்பிடுதவங்களா இருந்தாலும் ரெண்டு பட்டை. ஒண்ணு நம்ம தாகத்துக்கு. ஒண்ணு நம்ம கூட வர முடியாமப் போனவங்க பேரச் சொல்லிக் குடிக்கணும். காத்து மணல் மேட்ட நகத்தும், நாங்க பந்தல நகத்தி நடுவோம். ஓல போயித் தகரம் வந்துட்டு, பானை போயித் தொட்டி வந்துட்டு. பேரு பூரணம் தண்ணிப்பந்தலுதான்.

வெயிலு எறங்கிட்டு. மொதப் பட்டைய எல்லாரும் வந்ததும் குடிச்சிட்டிய. இந்தாங்க, இது ரெண்டாவது. பேர மனசுக்குள்ள சொல்லாதிய. வாய் விட்டுச் சொல்லணும்.