கடைசிக் குண்டுக்கு முன்

இந்த விசாரணை அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காற்றில்லாத இடத்தில் யாருக்கும் நிதானம் வராது. இருபது வருடமாகத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவள் சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா.

அந்தப் பெண்ணுக்குக் கண் கூர்மை, கை கல். மனசுதான் தொட்டாற்சிணுங்கி. பின்னால் யாராவது இருமினால் போதும், குறி விலகிவிடும். தட்டைத் தட்டிப் பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன். அதற்கெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டாள். அதனால் பயிற்சியில் கடைசிக் குண்டுக்கு முன் காதருகே போய் ஒரு கெட்ட செய்தி சொல்லத் தொடங்கினேன். சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. பட்டியலில் உன் பெயர் இல்லை. சுட்டு முடித்ததும் "பொய்" என்பேன்.

அதுவும் பழகிப்போனது. பிறகுதான் அவள் அப்பாவை எடுத்துக்கொண்டேன். லேத் பட்டறைக்காரர், மகள் மேல் உயிர். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்தேன். எதையும் முறைப்படி செய்கிறவள் நான். அவர் சிரித்தார்.

"இந்த மாசம் என்னை எத்தனை தடவை சாகடிப்பீங்க, கோச்சம்மா? முன்னாடியே சொன்னா லீவு போட்டுக்குவேன்."

பதினொரு தடவை. முதல் தடவை துப்பாக்கியை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். ஆறாவது தடவை கண் மட்டும் கலங்கியது. பதினொன்றாவது தடவை லேசாகச் சிரித்துவிட்டு நடுப்புள்ளியில் சுட்டாள். அன்று எனக்கு வயிறு நிறைந்தது.

தேர்வுப் போட்டியன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு, மகளைக் கேட்கிறார், உடனே அனுப்புங்கள் என்றார்கள். நடந்தே போகிற தூரம். அப்போது இருபது குண்டு பாக்கி இருந்தது. நான் விஷயத்தை மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள்; அதைத் திருத்துங்கள். சொன்னேன். கடைசிக் குண்டுக்கு முன் அவளைப் பின்னால் கூப்பிட்டு, பயிற்சியில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். நம்ப மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"இன்னைக்குமா, மேடம்?" என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் திரும்பிப் போய்ச் சுட்டாள். பத்துக்குப் பத்து. தேர்வானாள். அவள் பெயரை வாசித்தபோது அவருக்கு உயிர் இல்லை.

இதோ எதிரில் இருக்கும் அவள் அம்மா எனக்குத் தண்டனை ஒன்றும் கேட்கவில்லை. சற்று முன் உங்கள் முன்னால்தான் கேட்டார்: "கொள்ளி வெச்சாச்சு, அவ இன்னும் அழல. தினமும் உங்ககிட்ட வந்து சுட்டுட்டு, நீங்க பொய்னு சொல்வீங்கன்னு உங்க மூஞ்சியையே பாக்குறா. நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா. அது நிஜந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க கோச்சம்மா. எனக்கு அது போதும்."

இறுதிப் போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அவர் கையைப் பிடித்து மெதுவாகத்தான் சொன்னேன்: போட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கெட்ட செய்தி சொல்ல எனக்கு மனசு வராதும்மா.