ஜாயிண்டு முடியட்டும்

தென்காசியில் ஏறிய பஸ்ஸில் என் முன் இருக்கையில் களைத்துப்போன அண்ணன், தம்பி இருவர்.

“கடலுக்கடியில காத்தாடிக் கரண்டு கொண்டு போறவன்ட்ட இதை எப்படிண்ணே சொல்ல?” என்றார் தம்பி.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் அப்படிச் சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன்.

“காசிம்ட்ட இப்ப சொல்லாதலே. கப்பல்ல காத்தாலைக் கேபிளுக்கு ஜாயிண்டு போடுதான். தொடங்கிட்டா பாதியில எந்திரிக்கக் கூடாதாம்.”

“வாப்பாவ அடக்கியாச்சு. அவனும் மவன்தானேண்ணே?”

“கை நடுங்கிச்சுன்னா மும்பைக்கே கரண்டு போகாதுலே. ஜாயிண்டு முடியட்டும், நானே சொல்லுதேன்.”

ஆலங்குளம் தாண்டியதும் போன் வந்தது. “காசிமா?” என்று அண்ணன் எடுத்துக் கேட்டார். பிறகு போனைக் கையால் பொத்தித் தம்பியிடம் நீட்டினார்.

“ஜாயிண்ட முடிச்சிட்டானாம். நீ சொல்லுலே.”