கைப்பையில் ஒரு துண்டுக் கட்டை

“அவரோட துப்பாக்கியை அறுத்துட்டேன்டி.”

மந்தைவெளியில் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த மாமி, பக்கத்துத் தோழியிடம் இதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தூங்கி வழிந்த பஸ்ஸில் அக்கம்பக்கத்துக் காதுகளெல்லாம் விழித்துக்கொண்டன.

“துப்பாக்கியையா?”

“தோள்ல அண்டக் குடுக்கற கட்டையை மட்டுந்தான். அவர் கை நீளத்துக்குச் செஞ்சது, எனக்கு எட்டவேயில்லை. அதனாலதான் போன போட்டியில கோட்டை விட்டேன். வீணை பண்ற ஆசாரிகிட்ட குடுத்தேன். இழைச்சு, பாலிஷே போட்டுட்டார்.”

“இன்னிக்குப் போட்டியில அவரும் அதுலதானே சுடணும்?”

“அறுத்த துண்டைத் திருகாணி போட்டு மாட்டினா அவருக்கு. கழட்டினா எனக்கு.”

“சொல்லிட்டியோ?”

“எங்கே சொல்றது!”

அடையாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே புகுந்து எல்லோர் தலையையும் கலைத்தது. மடியில் நீளமான கித்தான் பையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா குரல் கொடுத்தார்.

“ஏண்டி, பை இன்னிக்கு லேசா இருக்கே? எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?”

மாமி கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் விடலைன்னா. பத்திரமா என்கிட்ட இருக்கு. முதல்ல நான் சுட்டுடறேன், அப்புறம் உங்களுக்கு மாட்டித் தரேன்.”