தண்ணி அக்காவின் கடைசி ஊசி

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் செவிலியர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, நம் மறுவாழ்வு இல்லத்தில் மீண்டவர்களே, மீண்டுகொண்டிருப்பவர்களே, அவர்களைப் பெற்றவர்களே!

நம் தலைமைச் செவிலியரை நாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணி அக்கா! போதையை விடவைக்கும் இடத்தில் இப்படி ஒரு பெயரா என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். "ஆமாங்க, இங்க தண்ணி ஊத்திக் குடுக்கிற ஒரே ஆள் நான்தான்" என்பார். போதையை நிறுத்திய முதல் நாட்களில் உடம்பு உதறும். உள்ளே போனதெல்லாம் வெளியே வரும். அப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் புகட்டுவார். கண்டக்டர் வேலையும் போய், குடும்பமும் போய், அந்தக் கட்டிலில் கிடந்தவன் நான். அவர் முகத்தில் துப்பினேன். துடைத்துக்கொண்டு, "குறி தப்பலையே! தெம்பு இருக்கு. வாயைத் திற" என்றார். இன்று அதே இல்லத்தில் ஆலோசகராக இருக்கிறேன் என்றால், அந்த வாயைத் திறக்க வைத்தவர் அவர்.

இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது, வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்தது. "கடைசியில பாத்தியா, ஊசியோடதான் போயிருக்காங்க." அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். கோபம் இல்லை. ஆனால் அந்த ஊசியின் கதையைக் கேட்காமல் நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது!

அக்கா ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் இருந்தார். இடுப்பு வலிக்கென்று போட்டுக்கொண்ட ஊசி, வலி போன பிறகும் தேவைப்பட்டது. நோயாளிக்கு வந்த மருந்தைத் தனக்குப் போட்டுக்கொண்டு, நோயாளிக்கு வெறும் உப்புநீரை ஏற்றினார். நான் எதையும் அம்பலப்படுத்தவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னதுதான் இது. கால் நசுங்கிய ஒரு லாரி டிரைவர். அவர் முனகிக்கொண்டே இருக்கிறார். டிரைவரின் மகள் ஓடி வந்து கேட்கிறாள்: "சிஸ்டர், மருந்து போட்டீங்களா?" அக்கா சொன்னார்: "போட்டாச்சும்மா. பொறுத்துக்கச் சொல்லு."

டிரைவர் பிழைத்துக்கொண்டார். அக்கா பிடிபட்டார், வேலையை இழந்தார், மீண்டார். மீண்ட பிறகு அந்த டிரைவர் வீட்டைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னார். டிரைவர் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மன்னித்தாரா? இல்லை! மன்னித்திருக்க வேண்டும் என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. போர்வை மடித்துக்கொண்டிருக்கும்போது கை சட்டென்று நிற்கும். "அந்த முனகல் கேக்குதுப்பா" என்பார். இல்லத்தில் எல்லாரும் அமைதியாகப் படுத்திருப்பார்கள்.

அப்புறம் அவருக்கே புற்றுநோய் வந்தது. எலும்பு வரை பரவிய பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் ஐயா அதே வலி ஊசியை எழுதினார். அக்கா மறுத்தார். "அது வேணாம் டாக்டர். வேற எதுவேணா குடுங்க." வேறு எது கேட்கும் அந்த வலிக்கு? தலையணை உறையைக் கடித்துக் கிழித்தார். நாங்கள் கெஞ்சினோம். "விட்டு வந்த வீட்டுக்கு என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். பயம் மட்டுமா அது? இல்லை. இந்த வலி தனக்கு வரவேண்டியதுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

கடைசியில் அக்காவின் மகள்தான் பேசினாள். "அம்மா, அன்னைக்கு அந்தப் பொண்ணு அப்பா முனகுறதைக் கேட்டுக்கிட்டு நின்னா. இன்னைக்கு நான் நிக்கிறேன். நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

 அக்கா ஊசிக்குக் கையை நீட்டினார்.

மருந்து உள்ளே போனது. முகம் தளர்ந்தது. ஆனால் அழுதார். "வலி போயிடுச்சா அக்கா?" என்றேன். "போயிடுச்சு. ஆனா அந்த மருந்து என்னை அடையாளம் கண்டுக்கிச்சுப்பா. இத்தனை வருஷம் கழிச்சும், பார்த்த உடனே கண்டுக்கிச்சு." அவர் கண்ணில் அன்று பார்த்த பயத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்து அலமாரிச் சாவி மகளிடம். அளவு மருத்துவரிடம். ஒரு மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஊசி கேட்டார். மகள் சாவியோடு எழுந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு. இப்போ வலி இல்லை. கேக்கிறது அந்தப் பழைய ஆளு. குடுக்காதே. நான் கத்தினாலும் குடுக்காதே." கத்தினார்! திட்டினார்! மகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாள், கொடுக்கவில்லை. சாயங்காலம் வலி நிஜமாகவே வந்தது. "இப்போ வலிதான்" என்றார். நம்பினோம். கொடுத்தோம்.

வண்டி நிறுத்தும் இடத்தில் பேசியவர்களே, சொல்லுங்கள்! ஊசியோடு போனாரா அவர்? சாகக் கிடக்கும்போதும் பொய் சொல்லாமல் போனார். போதை முதலில் தின்பது நம் உண்மையைத்தான் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும்.

அக்கா, உங்கள் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறோம். ஒரு காலத்தில் போதையில் இருந்தவன் என்பதற்காக எந்த நோயாளியையும் வலியில் துடிக்க விடமாட்டோம். கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்போம், மறுக்க வேண்டிய நேரத்தில் கூடவே நின்று மறுப்போம். நேற்று ஒரு தாய் தன் மகளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அந்தப் பெண் இந்நேரம் கட்டிலில் உதறிக்கொண்டிருப்பாள், என்னையும் திட்டுவாள். பேச்சை முடித்துக்கொண்டு நான் அங்கே போக வேண்டும். வருகிறேன்.