முதல் வாரம் வலிக்கணும்

தங்கை: நிறுத்து, நிறுத்து. கிட்டார் கம்பி கரகரங்குது பாரு.

அண்ணன்: நீ சின்ன வயசுல பாடினதுக்கு இது தேவலை.

தங்கை: கிண்டல் பண்ணாம விரலைப் பாரு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல அழுத்தாதே. கோட்டை ஒட்டி அழுத்து. பலமே வேண்டாம், சத்தம் தானா சுத்தமா வரும்.

அண்ணன்: இப்போ?

தங்கை: ஒவ்வொரு கம்பியா மீட்டு... ம்... ம்... சரி. இதுதான் ஏ மைனர் கார்டு.

அண்ணன்: அடுத்தது சொல்லு.

தங்கை: என்ன, ரயிலைப் பிடிக்கவா போறே?

அண்ணன்: திங்கக்கிழமைக்குள்ள கை பழகணும், வாண்டு.

தங்கை: அண்ணி பொறந்த நாளுக்கு வாசிச்சுக் காட்டணும்னுதானே வந்தே? அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. திங்கக்கிழமை என்ன?

அண்ணன்: மரப் பட்டறையில பெரிய ரம்ப மெஷினை என் பொறுப்புல விடுறாங்க. அப்புறம் எங்க நேரம் கிடைக்கும்?

தங்கை: அந்த வட்ட ரம்பமா? பலகையை இடது கையாலதானே அணைச்சுப் பிடிக்கணும்?

அண்ணன்: ஆமா. வாத்தியாரம்மா, பாடத்தை நடத்துங்க.

தங்கை: ...சரி. இப்போ சி கார்டு. இது சுலபம். ஆள்காட்டி விரலும் நடு விரலும் இருந்த இடத்துலயே இருக்கட்டும். மோதிர விரலை மட்டும் தூக்கி மேல அந்தக் கம்பிக்குக் கொண்டு போ. இதுல அது, அதுல இது. மாத்தி மாத்தி. புதுசா வர்ற எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல குடுப்பேன்.

அண்ணன்: இப்படியா?

தங்கை: அட! அப்படியே. திரும்ப... திரும்ப... பரவால்லியே!

அண்ணன்: பார்த்தியா? அண்ணன் யாரு!

தங்கை: இப்போ பார்க்காம வை.

அண்ணன்: என்னது?

தங்கை: கண்ணை மூடிக்கிட்டு மாத்து. கம்பி எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியணும்.

அண்ணன்: கண்ணு இருக்கறப்போ எதுக்கு மூடணும்? அதெல்லாம் போகப் போக வரும்.

தங்கை: ஒரே ஒரு தடவை.

அண்ணன்: வேற ஏதாவது வழி சொல்லேன்... மெதுவா தட்டிக்கிட்டே மாத்தறது, அந்த மாதிரி.

தங்கை: மூடுண்ணா.

அண்ணன்: மூடிட்டேன். போதுமா?

தங்கை: மோதிர விரல் கம்பியிலயே இல்ல. வெறும் கட்டையை அழுத்திட்டிருக்கே.

அண்ணன்: புதுசுல அப்படித்தான் இருக்கும்.

தங்கை: விரல் வலிக்குதா?

அண்ணன்: இல்லியே.

தங்கை: துளிகூட?

அண்ணன்: துளிகூட இல்ல. பெருமைப்படு.

தங்கை: என்கிட்ட வந்த ஒவ்வொருத்தரும் முதல் வாரம் ஊதி ஊதித்தான் வாசிச்சிருக்காங்க. ஒரு போலீஸ்காரர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அண்ணன்: அவரு லத்தியைப் பிடிக்கிற கை. நான் மரம் அறுக்கிற கை. காய்ச்சுப் போயிருக்கும்மா.

தங்கை: உள்ளங்கைதான் காய்ச்சிருக்கு. நுனி மெத்துன்னு இருக்கு. கையைக் காட்டு.

அண்ணன்: எதுக்கு?

தங்கை: காட்டுன்னா காட்டேன்.

அண்ணன்: இப்போ எதுக்கு இழுக்கறே, விடு... என்ன அது சிவப்பா?

தங்கை: ரத்தம். கம்பி அறுத்திருக்கு. எப்போ அறுத்ததுன்னு உனக்குத் தெரியுமா?

அண்ணன்: இப்போதான் இருக்கும். லேசா எரியுது.

தங்கை: முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்காதே. கம்பியில காஞ்சே போயிருக்கு.

அண்ணன்: துணி ஏதாவது இருந்தா குடு.

தங்கை: தர்றேன். முதல்ல கண்ணை மூடு. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லு.

அண்ணன்: குழந்தை விளையாட்டா?

தங்கை: மூடு... இது?

அண்ணன்: ஆள்காட்டி விரல்.

தங்கை: சரி. இது?

அண்ணன்: ...நடு விரல். இல்ல, இல்ல, மோதிர விரல்.

தங்கை: நல்லா யோசிச்சு சொல்லு.

அண்ணன்: மோதிர விரல்தான். அழுத்திப் பிடிச்சிருக்கே.

தங்கை: கண்ணைத் திற. என் கை எங்க இருக்கு?

அண்ணன்: ...உன் மடியில.

தங்கை: நான் தொடவே இல்லண்ணா. எப்போலேர்ந்து இப்படி?

அண்ணன்: மழை விட்டதுலேர்ந்து. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தது. அப்புறம் எறும்பும் போயிடுச்சு.

தங்கை: முதலாளிக்குத் தெரியுமா?

அண்ணன்: சொன்னா கேட்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிடுவாரு. நான் பலகையைத் தடவினாலே உள்ள எங்க முடிச்சு இருக்குன்னு சொல்றவன்டி. அந்த மெஷினுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்... இப்போ வாட்ச்மேன் வேலையா?

தங்கை: இப்போ தடவினா தெரியுதா?

அண்ணன்: ...கண்ணு இருக்கே. பார்த்துப் பார்த்து ஓட்டிக்குவேன்.

தங்கை: ரம்பத்துக்கிட்ட ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினா? தூசி விழுந்தா? கை உள்ள போனதுகூட உனக்குத் தெரியாதேண்ணா.

அண்ணன்: கத்தாதே. அதுக்குத்தானே இதைக் கத்துக்க வந்தேன். கம்பியை அழுத்த அழுத்த உணர்ச்சி திரும்புமாம்.

தங்கை: அப்போ பொறந்த நாள்?

அண்ணன்: சும்மா சொன்னேன்.

தங்கை: திரும்பும்னு யார் சொன்னா? எந்த டாக்டர்?

அண்ணன்: டாக்டர்கிட்ட எங்க போனேன்? வீடியோல பார்த்தேன்.

தங்கை: உன் ஃபோன்லயா?

அண்ணன்: உன் அண்ணி ஃபோன்ல. அடுப்படி மேடை மேல ஓடிட்டே கிடந்தது. அவ எங்கயோ போயிருந்தா. நான் நின்னு பார்த்தேன்.

தங்கை: ம்.

அண்ணன்: என்ன ம்?

தங்கை: ஒண்ணுமில்ல.

அண்ணன்: வாண்டு, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. சத்தியம் பண்ணு.

தங்கை: எப்படிண்ணா பண்றது? விரல் நல்லா இருக்கறவங்க அந்த வீடியோவை எதுக்குப் பார்க்கப் போறாங்க? நீ பார்க்கணும்னுதான் ஓட விட்டுட்டுப் போயிருக்காங்க. நீ கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையால இறக்கி வச்சியே, அன்னிக்கு அண்ணி பின்னாலதான் நின்னாங்க. 'கேட்டா இல்லம்பாரு, கம்பிகிட்ட பொய் சொல்ல முடியாது'ன்னு உன்னை என்கிட்ட வர வச்சதே அவங்கதான்... எழுந்திரு, அவங்க சொல்லி வச்ச டாக்டர் காத்திட்டிருப்பாரு. அண்ணி கீழ வண்டியில உக்காந்திருக்காங்க.