மன்னிப்புக் கேட்காத மணப்பெண்

அஞ்சாமல் என்னை மேடையேற்றி அமர்ந்திருக்கும் மாதர் மன்றத் தலைவி, ஆசிரியை அக்னஸ் அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! நடவு முடித்து, காலில் சேறு காயுமுன்னே ஓடிவந்த என் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து கேட்கும் தம்பிகளே! தங்கமணியின் வணக்கம்.

"சினிமாக்காரிக்கு மேடையா?" என்று நேற்றுத் திருவையாற்றுக் கடைத்தெருவில் ஒருவர் கேட்டாராம். ஆம் ஐயா, நான் சினிமாக்காரிதான்! அதை ஒளிப்பானேன்?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. ஊர் இளைஞரெல்லாம் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிய காலம். ஆண்பிள்ளை கடல் கடந்தால் பெருமை. பெண்பிள்ளை கோடம்பாக்கம் போனால் மட்டும் சிறுமையா? நானும் தோழி அம்சமும் தஞ்சாவூரில் ரயில் ஏறினோம். அங்கே போய்ப் பார்த்தால், படப்பிடிப்புத் தளங்களை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்! அசரவில்லை. ஓர் அறை, இரண்டு பாய், ஒரு கண்ணாடி. அதன்முன் மாறி மாறி அழுது பழகினோம். பக்கத்து வீட்டுக்காரர் பதறிக் கதவைத் தட்டி, "யாரும்மா செத்துட்டாங்க?" என்றார்.

பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்!

எட்டு மாதம் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற பிறகு எனக்கொரு வசனம் கிடைத்தது. விருப்பமில்லாத மணப்பெண் வேடம். தாலி ஏறும்போது, "வேண்டாம்ப்பா!" என்று கதற வேண்டும். அன்றைக்கென்று என் அப்பா துரைராசு, என்னை அழைத்துவர ஓர் ஆளை அனுப்பியிருந்தார். எங்கள் தெருவில் பம்புசெட்டு பழுதுபார்க்கும் வீரையன். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. மாப்பிள்ளையாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. வாசலில் நின்ற வீரையனை அவரென்று எண்ணி, உதவி இயக்குநர் மாலை போட்டு மணையில் உட்காரவைத்துவிட்டார்!

"தங்கமணி, உங்கப்பா கூட்டியாரச் சொன்னாங்க."

"பேசாதீங்க, கேமரா ஓடுது!"

அவருக்குத் தாலி கட்டத் தெரியவில்லை. தாலி என் காதில் மாட்டியது, ஜடையில் மாட்டியது. ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும், கதற வேண்டிய நான் கலகலவென்று சிரித்தேன். இயக்குநர் இருவரையும் மணையைவிட்டு எழுப்பிவிட்டு, வசனத்தைக் கூட்டத்தில் நின்ற அம்சத்துக்குக் கொடுத்தார். அவள் அழுத அழுகைக்குத் தளமே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடு நானும் தட்டினேன்.

"என் பொழப்பைக் கெடுத்துட்டீங்களே!" என்று வெளியே வந்து வெடித்தேன்.

"தப்புதாங்க. ஆனா இன்னொரு தடவை கட்டச் சொல்லியிருந்தா சரியாக் கட்டியிருப்பேன்" என்றார்.

அப்புறம் எங்கே கோபப்படுவது? ஆனாலும் அவரோடு நான் ஊர் திரும்பவில்லை. அவர் சிங்கப்பூர் போனார். மாதம் தவறாமல் கடிதம் வந்தது. நான் இன்னும் இரண்டாண்டு நடித்தேன். செவிலியாக நடித்தேன், வேலைக்காரியாக நடித்தேன், பிணமாகவும் நடித்தேன். பிணமாகக் கிடந்த படத்தில்தான் என் முகம் தெளிவாகத் தெரிந்தது!

அவர் திரும்பி வந்தபோது நானும் வந்தேன். யாரும் இழுத்து வரவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள என் விருப்பத்தில் வந்தேன். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "கோயில் வாசல்ல மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் கல்யாணம்" என்றார்கள். எதற்கு மன்னிப்பு? உழைத்துச் சாப்பிட்டதற்கா? ஆசைப்பட்டதற்கா? "கேக்க மாட்டேன்" என்றேன். வீரையன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் அஞ்சு தடவை நடிச்சிருக்கேங்க. என்னைய ஏன் யாரும் கேக்கல?" என்றார்.

மூன்றாண்டாக என்னோடு பேசாத அப்பா எழுந்தார். கக்கத்தில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "என் மக மன்னிப்புக் கேக்க மாட்டா. கல்யாணத்துக்கு வர்றவங்க வாங்க" என்றார்.

வராதவர் நால்வர்தான்.

அம்சம் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கதாநாயகி அழும்போது, தாய்மார்களே, அழுவது அம்சத்தின் குரல்! திரையில் எங்கள் பெயர் வந்ததில்லை, வராவிட்டால் போகட்டும். யாரையும் கேட்டுப் போனோமா? இல்லை. கெட்டுப் போனோமா? இல்லவே இல்லை!

வெயிலிலும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கைதட்டிய கைகளுக்கும், தட்டாத கைகளுக்கும் என் வணக்கம்!