தண்டுக்கு ஒரு பூ

— அதை அடுப்புல வைக்காதீங்க அண்ணி. முதல்ல சொல்லுங்க, இந்தக் கீரையை எங்க பறிச்சீங்க?

— பூட்ஸைக் கூடக் கழட்டாம வந்து கூடையைப் பிடிச்சு இழுக்கறீங்களே தம்பி. மைதானத்துலதான். ஆட்டம் பாக்க உக்கார்ற படிக்கட்டுக்குப் பின்னாடி.

— வாட்ச்மேன் சொன்னான். சத்தியமா நம்பலை. ரயில் பாதை ஓரமாப் பறிக்கறதாத்தானே அண்ணன் சொன்னார்?

— அங்க போன வாரம் வேலி போட்டுட்டாங்க. ஏன், மைதானத்துக் களை உங்க ஆபீஸ் சொத்தா?

— இது அந்த மஞ்சப்பூதானே? வேற எதுவும் இல்லையே?

— மூணு மாசமாப் பறிக்கறவளுக்கு அடையாளம் தெரியாதா? இலை மண்ணோட ஒட்டி வட்டமா விரிஞ்சிருக்கும். ஓரமெல்லாம் ரம்பப் பல்லு, பல்லு வேரைப் பாத்துத் திரும்பியிருக்கும். நடுவுல கிளையே இல்லாத தண்டு. தண்டுக்கு ஒரு பூ. கிள்ளினா உள்ள குழல், பால் கசியும். இதே ஜாடைல ஒண்ணு இருக்கு, இலைல சுணை, தண்டு ரெண்டா மூணாப் பிரியும். அதை நான் தொடறதில்லை.

— அது சரி. இந்தத் தண்டைப் பாருங்க. ஏன் பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கு?

— வெயிலா இருக்கும்.

— வெயில் இல்ல அண்ணி. நான்.

— என்ன உளறல் இது?

— களைக்கொல்லி. புதன்கிழமை நான்தான் முதுகுல டேங்க்கைக் கட்டிக்கிட்டு அங்க அடிச்சேன். இதோட வேர் ஒரு முழம் உள்ள போகும். வெட்டினா, ஒரு துண்டு மண்ணுல தங்கினாப் போதும், மறுபடி முளைச்சுடும். மருந்துதான் வழின்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். அது பட்டா இப்படி முறுக்கிக்கிட்டுத்தான் சாகும்.

— அங்க போர்டு எதுவும் இல்லையே தம்பி.

— வைக்கலை. வண்டியிலயே கிடந்துச்சு. மழை இருட்டிக்கிட்டு வந்தது, முடிச்சுட்டு ஓடணும்னு இருந்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை அண்ணி. இதைப் போய் யாரு திங்கப் போறான்னு நினைச்சேன்.

— பாருங்க, இதைத் திங்கறவங்க உங்க வீட்டுலயே இருக்கோம்.

— குத்திக் காட்டாதீங்க. நேத்து இதைச் சமைச்சீங்களா?

— நேத்தும் சமைச்சேன், முந்தாநாளும் சமைச்சேன். கசப்புப் போக ரெண்டு தரம் கொதிக்கவச்சு வடிச்சு, பூண்டு போட்டு வதக்கினேன். வேரை வறுத்துப் பொடிச்சு, கறுப்பா ஒரு டம்ளர் காய்ச்சினேன்.

— டாக்டர் இதெல்லாம் வேணாம்னுதானே சொன்னார்?

— கால் வீக்கம் வடியும்னு நினைச்சுத் தராதே, அதுக்கு மாத்திரை இருக்குன்னார். வாய்க்குப் பிடிச்சா ஒரு கைப்பிடி தப்பில்லன்னார். உங்க அண்ணனுக்கு நாக்கே செத்துப் போச்சு. இந்தக் கசப்பு ஒண்ணுதான் தெரியுதுன்னு அவரே வாய்விட்டுக் கேட்டார். அப்ப இருந்துதான் இந்தக் கூடையும் கத்தியும்.

— சரி, அதை விடுங்க. சாப்பிட்டதுல மிச்சம் எவ்வளவு?

— தட்டு காலி. ஒரு இலைகூட மிச்சமில்ல.

— ஐயோ. வாந்தி வந்துச்சா?

— ம். விடிஞ்சதும் ஒரு தரம். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தரம்.

— கை காலு?

— நடுக்கம்தான். உதடு மரத்த மாதிரி இருக்கு.

— இப்பத் தூக்கமா?

— அவர் தூங்கறார். எழுப்பாதீங்க. என்னவோ போங்க, எல்லாம் சரியாயிடும்.

— எதை வச்சுச் சரியாயிடும்? நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்.

— வேணாம் தம்பி! திங்கக்கிழமை ஆபரேஷன். நல்லாச் சாப்பிட்டுத் தெம்பா இருந்தாத்தான் நெஞ்சைத் திறப்போம்னு சொல்லியிருக்காங்க. நல்லாச் சாப்பிடறார்னு நான்தானே தினமும் போன்ல சொல்றேன். இப்ப ஆள் வந்து பாத்தா தேதியைத் தள்ளிடுவாங்க. இன்னொரு தேதி வரைக்கும் அவர் தாங்கமாட்டார்.

— விஷத்தை வயித்துல வச்சுக்கிட்டு என்ன அண்ணி ஆபரேஷன்? இந்த வேலைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துவிட்டதே அவர்தான். அதே வேலையால அவரை நான் கொன்னுட்டேன். அடப் பாவி, அஞ்சு நிமிஷம்!

— வாயை அலம்புங்க. அப்படியெல்லாம் பேசக்கூடாது.

— நீங்க நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காம அண்ணனோட மருந்துச் சீட்டை எடுங்க. ஹலோ, ஆம்புலன்ஸா? விலாசம் எழுதிக்கங்க. மைதானத்துக்கு எதிர்த்த குடியிருப்பு, மூணாவது மாடி, கடைசி வீடு.

— போனை வைங்க தம்பி. சொல்றதைக் கேளுங்க.

— ஆமாங்க, களைக்கொல்லி. கீரையோட வயித்துக்குள்ள போயிருக்கு, ரெண்டு நாளா. ஆம்பளை. வயசு அம்பத்திரெண்டு. இதய நோயாளி.

— ஆம்பளை இல்லன்னு சொல்லுங்க.

— என்னது?

— பொம்பளை, நாப்பத்தாறு வயசுன்னு சொல்லுங்க. உங்க அண்ணன் நாலு நாளாத் தண்ணியைத் தவிர எதையும் தொடலை தம்பி. சாயங்காலம் நீங்க வந்து பாப்பீங்களேன்னு, தட்டைக் காலி பண்ணினது நான்.